பாடை திரும்பும் அகலம்

பள்ளிவாசல் முற்றத்தில் இருந்த காலிப் பாடையில் ஏறிப் படுத்தபோது தர்ஸோவுக்கு ஒரே கவலை, தொப்பைதான்.

"மூச்ச உள்ள இழுங்க. எந்தப் பொணமும் இவ்ளோ மூச்சு வாங்காது," என்றாள் அவர் மனைவி லஸ்மினி.

கிழக்கு ஜாவாவில் ஆற்றையொட்டிய சந்து அது. முப்பத்தெட்டு வீடுகளில் அறுபத்து நான்கு குடும்பங்கள் அடைந்து கிடந்தன. அதே இடத்தில் நான்கு மாடி கட்டி எல்லாருக்கும் ஆளுக்கொரு வீடு தருவதாகத் திட்டம். ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு வெளியே ஆளுக்கொரு மூலை. இன்றுதான் கடைசி நாள். சந்தின் தலைவர் தர்ஸோ. தேர்தல் கூட்டத்துக்குப் போகாமல் தூங்கிவிட்டதுதான் அவருடைய ஒரே தகுதி.

வரைபடத்தில் நடைபாதையும் படிக்கட்டும் நாலடி. 'இறங்கித் தள்ளிக்கொண்டு வா' என்ற சந்துமுனைப் பலகைக்குப் பணிந்து, பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்த பொறியாளர் ரத்னா, "விதிப்படி சரிதான் ஐயா," என்றாள்.

"சாகறவனுக்கு விதி தெரியாதேம்மா," என்றார் தர்ஸோ. செத்தவரைச் சந்தே தோள் கொடுத்துத் தூக்கிப்போவதுதான் அங்கே வழக்கம்.

பாடை திரும்புமா என்று பார்க்க, மூங்கில் நட்டு, கயிறு கட்டி, படிக்கட்டுத் திருப்பத்தை அதே அளவில் முற்றத்தில் அமைத்திருந்தார்கள். நான்கு பேர் அவரைத் தூக்கினார்கள். திருப்பத்தில் பாடை சிக்கியது. சாய்த்தார்கள். தலைவர் வழுக்கி, மூங்கிலோடு தரையில் விழுந்தார்.

முதலில் சிரித்தது ரத்னாதான். பிறகு பென்சிலை எடுத்தாள்.

"ஏழடி ஆக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வீட்லயும் ரெண்டு சாண் போயிரும்."

சிரிப்பு நின்றது. குறுகலான வீட்டில் இரண்டு சாண் என்பது ஒரு ஆள் படுக்கும் இடம். அவரவர் தத்தம் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். தர்ஸோ எழுந்திருக்கவே இல்லை. அறுபத்து நான்கு குடும்பமும் தன் தொப்பைமேல் உட்கார்ந்திருப்பதுபோல் கனத்தது.

"எடுத்துக்கங்க," என்றாள் குச்சியில் கறி சுட்டு விற்கும் சாத்தே கடைக்காரி முர்னி. "அடுப்ப வெளிய போட்டுக்கறேன். வீட்டுக்குள்ள எவ இருக்கா? எல்லாரும் வெளியதான கெடக்கறோம்."

மாலைக்குள் அறுபத்து நான்கு கையெழுத்தும் விழுந்தன. கடைசியாகப் போட்ட தர்ஸோவின் கையெழுத்து கோணிப்போனது. விழுந்த அடி என்று சொல்லிக்கொண்டார்.

கட்டி முடித்து மூன்று வருடமாகிறது. அந்தத் திருப்பத்தில் இன்னும் ஒரு பாடைகூட இறங்கவில்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் அப்பளம் காய்கிறது, முர்னியின் அடுப்பு புகைகிறது, மத்தியானத்தில் பாய் விரித்துத் தர்ஸோ தூங்குகிறார். சந்துமுனையில் இருந்த அந்தப் பழைய பலகை அவர் தலைக்குமேல் தொங்குகிறது.

முர்னியின் மகள் முச்சக்கர சைக்கிளில் வேகமாக வந்தாள். பலகையைப் பார்த்ததும் இறங்கினாள். ஏறி இறங்கும் தொப்பையைச் சுற்றி, கைப்பிடியைப் பிடித்து, மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனாள்.