சேஷகிரி பார்த்த நியூயார்க், பார்க்காத நியூயார்க்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. அவர் போன பதின்மூன்றாம் நாள், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு, உறவில் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "மாமா ரெண்டு வருஷம் நியூயார்க்குல இருந்தாராமே, மாமி? என்னெல்லாம் பார்த்தாராம்?"

முப்பத்தெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள் நான். பதில் தெரியவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டுச் சமாளித்தேன்.

அதனால் எழுதுகிறேன். 'நான்' என்று எழுதினால் கை தயங்குகிறது. கூடவே கொஞ்சம் புளுகவும் செய்கிறது. ஆகவே என்னை ஜெயம் என்று மூன்றாம் மனுஷியாக வைத்துக்கொள்கிறேன். பெயர் என்னுடையதுதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன்; அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "நியூயார்க் நகரம் கடலோரத்தில் வானளாவி நிற்கிறது. அதன் நூற்றிரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து பார்த்தால்..."

பார்த்தால் என்ன தெரியும்? ஜெயத்துக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "1954. திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சேஷகிரி பொங்கல் கிளறிக்கொண்டிருந்தார்."

இது நகரும். சுவாமிக்குச் சமைக்கும் அந்த வேலை பங்காளிகளுக்குள் முறை வைத்து நடப்பது. வருஷத்தில் நான்கு மாதம் சேஷகிரியின் முறை. அவர் கைப் பொங்கலைச் சாப்பிட்டுப் பார்த்த டில்லி அதிகாரி ஒருவர், ஐக்கிய நாடுகள் சபை வேலையாக நியூயார்க் போகிறவர், வெங்காயம்கூடச் சேர்க்காத தன் தாயாருக்குச் சமைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். சேஷகிரி பம்பாயில் கப்பலேறினார். அவர் வரும்வரை முறையைப் பங்காளி வைத்தீஸ்வரன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

[அடைப்புக்குள் ஒன்று. அப்போது எங்கள் ஊர் ஆந்திரத்தில் சேர்ந்திருந்தது. சென்னையோடு சேர வேண்டும் என்று கடைத்தெருவில் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். எந்த ராஜ்யத்தில் இருக்கப் போகிறோம் என்று எங்களுக்கே நிச்சயமில்லாத நாளில், நியூயார்க்கின் மூலைமுடுக்கு மட்டும் எங்கள் தெருவுக்கு அத்துப்படி. காரணம் ஜெயம்.]

3

முதல் கடிதத்தில் மூன்றே வரி: வந்து சேர்ந்தேன், அரிசி சரியில்லை, தாயாருக்கு என் ரசம் பிடித்திருக்கிறது. ஜெயம் பதில் எழுதினாள்: தெருவே கேட்கிறது, ஊரைப் பற்றி எழுதுங்கள்.

அதற்குப் பிறகு வந்தன பாருங்கள், கடிதங்கள். தீவில் நிற்கும் பச்சை நிறப் பெண்சிலை. அதன் வயிற்றுக்குள் படிக்கட்டு. ஏறிப் போனால் கிரீடத்து ஜன்னல் வழியே கப்பல்கள். கம்பிகளில் தொங்கும் பாலம். தெருமுனையில் ராட்சச அளவில் ஒரு சிகரெட் விளம்பரத்து மனிதன், அவன் வாயிலிருந்து நிஜமாகவே வளையம் வளையமாகப் புகை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயத்தின் கூடத்தில் பத்துப் பெண்கள் கூடுவார்கள். ஜெயம் நிறுத்தி நிறுத்திப் படிப்பாள். பூ கொண்டுவரும் கன்னியம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"அந்தப் பொம்பள கைய தூக்கிகினே கீதே, வலிக்காதா ஐயரம்மா?"

"அது சிலைடி."

"சிலைன்னா? மலைமேல கீற நம்ம சாமியும் சிலைதான். நாளெல்லாம் நின்னுகினு கீறாரேன்னு நாம பாவப்படலையா?"

பிறகு ஒரு கடிதம். அதில் ஒரு சாப்பாட்டுக் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட சின்னச் சின்ன மாடங்கள். காசு போட்டால் ஒரு கதவு திறக்கும், உள்ளே ஆப்பிள் பூரணம் வைத்த பணியாரம். சமைத்தது யார், எடுத்து வைத்தது யார், ஒன்றும் தெரியாது. "ஒன்று சாப்பிட்டேன், தித்திப்பு கொஞ்சம் தூக்கல்" என்று எழுதியிருந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள் என்பதற்காக ஜெயம் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பத்துப் பெண்களில் ஒருத்தி வைத்தீஸ்வரனின் மனைவி.

4

வைத்தீஸ்வரனை எழுத உட்கார்ந்தால் அவர் தானாகவே கெட்டவராகிவிடுகிறார். ஒரு வரைவில் கோணல் சிரிப்புகூடக் கொடுத்தேன், அடித்துவிட்டேன். உண்மையில் சாது. நான்கு பெண்கள். சேஷகிரியின் நான்கு மாதமும் சேர்ந்ததால்தான் இரண்டு வருஷமாக அவர் வீட்டில் இரண்டு வேளையும் அடுப்பு எரிந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வருமா? உங்களுக்கு வருமா?

1956 பங்குனியில் சேஷகிரி திரும்பினார். தெரு திரண்டு கேட்டது. அவர் சொன்னது: "பெரிய ஊர்." நூற்றிரண்டு மாடி? "ஆமா, உயரம்." ஜெயத்துக்கு அன்றே சந்தேகம் தட்டியது.

முறையைத் திரும்பக் கேட்டதும் பங்காளிகள் கூடினார்கள். எண்பது வயது ராஜகோபாலய்யர் சொல்வதுதான் தீர்ப்பு.

"கடல் தாண்டினது கப்பல். அதுக்குப் பிராயச்சித்தம் இருக்கு, பண்ணிக்கலாம். வாய்க்குள்ள என்ன போச்சுங்கறதுதான் என் கேள்வி. கண்ட இடத்துல சாப்பிட்டவன் கையால சுவாமிக்கு நைவேத்தியம் கிடையாது."

வைத்தீஸ்வரன் யார் முகத்தையும் பார்க்காமல் அந்தப் பணியாரக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார்.

5

இந்த இடத்தில் சேஷகிரி இரண்டில் ஒன்று சொல்லியிருக்கலாம்.

முடிவு அ: "ஆமாம், சாப்பிட்டேன்." முறை போய்விடும். கரண்டியைத் தவிர வேறு தொழில் அறியாதவர்.

முடிவு ஆ: "அதிகாரி வீட்டுச் சமையலறையைத் தாண்டவேயில்லை. படப் புஸ்தகத்தைப் பார்த்து எழுதினேன்." முறை திரும்பும். ஆனால் பெண்டாட்டிக்கு இரண்டு வருஷம் பொய் எழுதினவன் என்று, அவள் முன்னாலேயே, தன் வாயால் சொல்ல வேண்டும்.

நடந்தது வேறு. சேஷகிரி நிமிர்ந்து, கதவோரம் நின்ற ஜெயத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஏழு தடவை எழுதிப் பார்த்தேன். அவர் கண்ணில் அப்போது... அவர் கண்ணில் இருந்தது...

விடுங்கள்.

பெண்கள் பேசாத கூட்டத்தில் ஜெயம் பேசினாள். "அவர் அப்படியெல்லாம் எழுதவே இல்லை, மாமா. அரிசி, ரசம், அவ்வளவுதான் எழுதுவார். மத்ததெல்லாம் நானா சேர்த்துப் படிச்சது."

"காகிதத்தைக் கொண்டா, பார்ப்போம்."

"அதை வச்சு அடுப்பு மூட்டிட்டேன்."

"அரக்கோணம் தாண்டாதவ நீ. உனக்கேதுடியம்மா நியூயார்க்கு?"

"கேக்க நாலு பேர் உக்காந்தா வந்துடறது, மாமா."

ராஜகோபாலய்யர் சிரித்துவிட்டார். முறை சேஷகிரிக்குத் திரும்பியது. அதில் இரண்டு மாதத்தை அவராகவே வைத்தீஸ்வரனுக்கு விட்டுக்கொடுத்தார். யாரும் சொல்லவில்லை.

ஜெயத்துக்குக் கிடைத்தது ஒரு பட்டம்: புளுகு ஜெயம். மழை வருகிறது, துணியை எடுங்கள் என்றால்கூட, "இங்கயா, நியூயார்க்குலயா?" என்பார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றது. கன்னியம்மாள் மட்டும் ஒருநாள் பூவை முழம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பொய்யாவே இருக்கட்டும். அந்தப் பொம்பளைய பத்தி இன்னொரு வாட்டி சொல்லேன்."

6

கடிதங்கள் எரியவில்லை. உளுத்தம்பருப்பு டின்னின் அடியில் இருந்தன. சமையற்காரருக்கு டின்னின் அடி தெரியாமல் இருக்குமா? இருபத்திரண்டு வருஷம் அதிலிருந்து பருப்பு எடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜெயமும் கேட்கவில்லை. கேட்டு, அவர் "போனேன், சாப்பிட்டேன்" என்றால், அவள் சொன்ன பொய்யின்மேல் அல்லவா அத்தனை வருஷ நைவேத்தியமும் நடந்தது? "போகவில்லை" என்றால், அவள் ஆசை ஆசையாகப் படித்தது முழுக்கப் பொய். கேட்காதவரை இரண்டும் இல்லை. அந்த வசதியில் இருவரும் சௌக்கியமாகவே இருந்தார்கள். இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். என்னிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. ஒன்றில், தாயார் மத்தியானம் கண்ணயர்ந்ததும், சேஷகிரி பாத்திரம் தேய்த்த கையைத் துடைத்துக்கொண்டு படப் புஸ்தகத்தைத் திறக்கிறார். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து, ஊரில் காத்திருக்கும் ஒருத்திக்காக ஒரு நகரத்தைத் தமிழில் கட்டுகிறார். இன்னொன்றில் அதே மத்தியானம் படகேறிப் போய், அந்தச் சிலைக்குள் மூச்சிரைக்கப் படியேறுகிறார்.

எதுவானாலும் எனக்குச் சம்மதம். முதலாவது என்றால் அவர் உட்கார ஒரு நல்ல நாற்காலி போடுங்கள். இரண்டாவது என்றால் அவரைத் தனியாக ஏற விடாதீர்கள். பக்கத்தில் ஒரு பெண்ணை அனுப்புங்கள். அவளுக்குப் பெயர் வைக்க வேண்டாம்.