முனியராஜுக்குக் கிடைத்த காட்சி

என் வீட்டுக்காரர் முனியராஜுக்கு நடிப்புப் பைத்தியம். தாயில்பட்டி பங்குனிப் பொங்கல் நாடகத்தில் சின்ன வயதிலிருந்தே ராஜா வேஷம் அவருக்குத்தான். மற்ற நாளெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைப்பார். எனக்கும் அங்கேதான் வேலை. பிள்ளை பிறந்த கையோடு வேலையை உதறிவிட்டுச் சென்னைக்குப் போய் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். சினிமாவில் கூட்டத்தோடு நின்றார், அடி வாங்கினார், பிணமாகக் கிடந்தார். வசனம் மட்டும் ஒருத்தரும் கொடுக்கவில்லை.

இந்த வருஷம்தான் கிடைத்தது. பட்டாசுத் தொழிலாளி வேஷம். வெடி விபத்தில் அடிபட்டு விழும் மனைவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். "நீ அந்த ஊர்க்காரன், உனக்கு நடிக்கவே வேண்டாம்" என்றாராம் டைரக்டர். இதில் தேறிவிட்டால் நானும் சென்னைக்குப் போய்விடலாம், கம்பெனிப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு வாய் நிற்காது.

ஆனைக்குட்டம் பக்கம் மூடிக் கிடந்த ஷெட்டில் படப்பிடிப்பு. கம்பெனி ஆட்களோடு நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். டமார் என்று வெடித்தது. மனைவியாக நடித்த பெண் விழுந்தாள். முனியராஜ் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசல் வழியே ஓடிவிட்டார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி ஓடினார். "சரி சார், சரி சார்" என்று தலையாட்டுவார். சத்தம் கேட்டதும் கால் தானாகக் கிளம்பிவிடும்.

சினிமாக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் சிரிக்கவில்லை. சத்தம் கேட்டால் யாரையும் பார்க்காதே, ஓடு என்றுதான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். நானே கருவேல மரம்வரை ஓடிப்போய்த்தான் நின்றிருந்தேன்.

கடைசியில் சென்னைப் பையன் ஒருத்தனுக்கு அந்த வேஷத்தைக் கொடுத்தார்கள். அவன் முதல் தடவையே அழகாகத் தூக்கி வந்தான்.

பஸ்ஸில் கேட்டே விட்டேன். "நெசமாவே நான் உள்ள கெடந்தா என்ன செய்வீக?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ என்ன செய்வே?"

"ஓடிருவேன்," என்றேன். அழுகை வந்துவிட்டது. "நீங்களும் ஓடிரணும். ரெண்டு பேரும் போயிட்டா பிள்ளைய யாரு பாப்பா?"

அவர் சரியென்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் சென்னையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. சீசன் ஆரம்பித்ததும் பழைய கம்பெனிக்கே வேலைக்கு வந்துவிட்டார். நான் வேலை பார்க்கும் அறையிலேயே போட்டார்கள். மறுநாளே போர்மேன் கண்ணுச்சாமி அண்ணனிடம் கெஞ்சி நான் வேறு அறைக்கு மாறிக்கொண்டேன். சண்டையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரே அறையில் இருந்தால் அந்த மனுஷன் இனிமேல் ஓடமாட்டார்.