நான்காவது பாட்டில் இல்லாத சத்தம்

மூன்றாவது விமர்சனத்தில்தான் மாரிச்செல்வம் மாட்டிக்கொண்டான்.

விசைத்தறிச் சத்தங்களை வைத்து அவன் செய்த ஆல்பத்தின் ரீமிக்ஸுக்கு வந்த முதல் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. 'தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்டு ரீமிக்ஸ் என்கிறார்கள். மூல ஆல்பத்தில் இருந்த உயிர் இதில் இல்லை' என்றது ஒன்று. 'இன்டஸ்ட்ரியல் ராக் என்றால் இப்படித்தான் காதைப் பிடித்து உலுக்க வேண்டும்' என்றது இன்னொன்று. ஐந்துக்கு ஒன்றரை, ஐந்துக்கு நாலரை. பஸ்ஸில் இரண்டையும் மாறி மாறிப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் திறந்தான்.

'எல்லாப் பாட்டிலும் தறிச் சத்தத்துக்கு அடியில் ஏதோ ஒரு கம்பி கலகலத்துக்கொண்டே இருக்கிறது. நான்காவது பாட்டில் மட்டும் அது இல்லை. தறி சுத்தமாக ஓடுகிறது. நான்காவது நிமிடத்தில் ஒரே ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை. மற்றபடி ஆல்பம் சுமார்தான். ஆனால் அந்தக் கம்பியை எடுத்தவர் மேதை.'

டீ ஆறிப்போயிற்று. எடுக்கச் சொன்னவன் அவன்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்கா இசக்கிசெல்வி வேலை பார்த்த விசைத்தறிக் கூடத்தில் சத்தம் பதிவுசெய்ய மைக்கோடு வந்திருந்தான். அவளுடைய ஏழாம் நம்பர் தறியில் நாடா, அந்தக் கூர்முனை நூல்கட்டை, இடமும் வலமுமாகப் பாயும்போது வெளியே பறந்துவிடாமல் தடுக்க முன்னால் ஒரு கம்பி உண்டு. அது லேசாக ஆடிக் கலகலத்தது. "அஞ்சே நிமிஷம்க்கா, அதைக் கழட்டிரு. சத்தம் கிளீனா கிடைக்கும்." மெக்கானிக் இசக்கித்துரை சாப்பிடப் போயிருந்தார். அவர் பெட்டியிலிருந்தே ஸ்பேனரை எடுத்து அவள் கழற்றினாள். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. இவன் வாசலுக்குப் போனான். திரும்பி வந்தபோது அக்கா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தாள். விரலிடுக்கில் ரத்தம். பறந்து வந்த நாடா பக்கத்தில் கிடந்தது. மைக் ஓடிக்கொண்டிருந்தது.

"கம்பி தானா கழண்டுட்டு," என்று முதலாளியிடம் சொன்னாள். தானாகக் கழன்றால் அது மெக்கானிக்கின் குற்றம். அந்த வாரமே இசக்கித்துரையை நிறுத்திவிட்டார்கள். வேறு கூடத்திலும் அவரைச் சேர்க்கவில்லை.

அன்று பதிவானதை மாரிச்செல்வம் தன் ஆல்பத்தில் சேர்க்கவில்லை; அழிக்கவும் இல்லை. சென்னையில் ரீமிக்ஸ் செய்யும் முகம்மது அப்சல் கேட்டபோது பதிவுகள் இருந்த ஃபோல்டரை மொத்தமாக அனுப்பினான். நான்காவது பாட்டைக் கேட்டதும் அடையாளம் தெரிந்தது. இல்லாத ஒரு சத்தத்தை எவன் கேட்கப்போகிறான் என்று வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னலே, பாட்டப் பத்தி என்ன எழுதுதானுவ?"

"தகர டப்பாவ உருட்டுன மாதிரி இருக்காம்."

"அவன் நம்ம கூடத்துக்கு வந்திருப்பான் போல."

இவன் சிரிக்கவில்லை. ஹெட்போனை அவள் தலையில் மாட்டி நான்காவது பாட்டைப் போட்டான். வலது கண் அவனையே பார்த்தது. வெளுத்துப்போன இடது கண் எங்கேயோ பார்த்தது. அந்த அடி விழுந்ததும் அவள் தலை தானாக விலகியது. மடியிலிருந்த கீரை சிதறியது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். சிதறிய கீரையைக் கூட்டி அள்ளினாள்.

"அப்சல்ட்ட சொல்லி இதத் தூக்கிரச் சொல்லுதேன்க்கா. ஒருத்தனுக்கும் தெரியாது."

"தூக்கிட்டா? துரை அண்ணாச்சி கையில ஸ்பேனர் திரும்ப வந்துருமா?" அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. பக்கத்துல நின்ன நீயும் வாயத் திறக்கல. தப்பு ரெண்டு பேரு மேலயும்தாம்ல."

எழுந்து செருப்பை மாட்டினாள். "அந்த ஹெட்போனையும் எடுத்துக்கிட்டு வா."

ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் பஞ்சர் கடை. இசக்கித்துரை டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் தேடிக்கொண்டிருந்தார். கண்ணை மூடியபடி கூடத்தில் நடந்து, எந்தத் தறிக்குச் சீக்கு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனுஷன்.

"வாம்மா செல்வி. ஏலே மாரி, ஒன் பாட்ட வெளிநாட்டுக்காரன்லாம் ஏசுதானாம்லா? ஏசுனா பெரிய ஆளுன்னுதான் அர்த்தம்!"

"அண்ணாச்சி, இதக் கொஞ்சம் கேளுங்க," என்றாள் அக்கா. "கேட்டு முடிச்சதும் நான் ஒண்ணு சொல்லணும்."

"நானும்," என்றான் மாரிச்செல்வம். அவனுக்கே அது கேட்கவில்லை.

ஒரு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் ஹெட்போனை மாட்டினார். இன்னொரு கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. சட்டென்று முகம் மலர்ந்தது. "அட! நம்ம ஏழாம் நம்பர்லா இது!" ஹெட்போன் மாட்டியவர்களின் உரத்த குரல் அது; ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணை மூடினார். தொட்டி விளிம்பில் ஈர விரல்கள் தறியோடு சேர்ந்து தட்டின. இடம், வலம். இடம், வலம்.

பிறகு தலை லேசாகச் சாய்ந்தது. கூடத்தில் எந்தத் தறியிடமாவது போய் நிற்கும்போது சாயுமே, அதே சாய்வு. கம்பியின் கலகலப்பைத் தேடினார்; அது ஆரம்பத்திலிருந்தே இல்லை. புருவம் நெரிந்தது. தண்ணீருக்குள் இருந்த கை தளர, டியூப் நழுவி மேலே வந்து மிதந்தது.

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் விளிம்புக்கு மேலே அப்படியே நின்றன. கண்ணைத் திறந்து செல்வியைப் பார்த்தார்.

அந்த அடிக்கு இன்னும் பதினொரு வினாடி இருந்தது.