ஒன்றரை மணி நேரம்

அந்த ஒரு வாக்கியம் ஆனந்தராஜாவின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால் கார்த்திகேசு வீட்டுக்குப் போவான். விழுங்கினால் சயாமுக்குப் போவான், ரயில் பாதை போட. அங்கே போனவர்களில் ஒருவர்கூட இன்னும் பினாங்குக்குத் திரும்பவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆனந்தராஜா கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். ஜப்பான்காரன் வந்த பிறகு அதே வேலை, போலீஸ் நிலையத்தில். தமிழில் கேட்டதை மலாயில் சொல்ல வேண்டும்; ஜப்பானிய அதிகாரிக்கு மலாய் நன்றாகவே வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் வேறு ஆள். சந்துக் கோடியில் இருந்த சின்ன ஜெபாலயத்துக்கு அவர்தான் உபதேசியார்.

செவ்வாய்க்கிழமை காலை விசாரணை. சனிக்கிழமை மாலை ஆறேகாலுக்கு யாரோ துறைமுகத்துக்குப் பின்னால் டெலிபோன் கம்பியை வெட்டிவிட்டார்கள். சந்தேகம் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு மேல்.

“ஆறு மணிக்கே நான் வீட்டுல இருந்தேன்” என்றான் அவன்.

அடுத்து அவன் மனைவி ருக்குமணியைத் தனியாகக் கூட்டிவந்து கேட்டார்கள். புருஷன் எத்தனை மணிக்கு வந்தான்?

“நாலரைக்கு வந்துட்டார் ஐயா. கை கால் கழுவிட்டு மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டார்.”

அவளை அனுப்பிவிட்டு, கார்த்திகேசுவை மறுபடி உள்ளே நிறுத்தி, அவள் சொன்ன மணியைச் சொன்னார்கள். அதிகாரி துறைமுகப் பதிவேட்டைப் புரட்டினார். ஐந்தரைக்கு வேலை முடித்து வெளியேறியதாகக் கையெழுத்து. ஐந்தரைக்கு வெளியே போனவன் நாலரைக்கு எப்படி வீட்டில் இருப்பான்? மேஜையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

“போஹோங்! ரெண்டு பேரும் பொய்!”

பொய்யில்லை என்பது ஆனந்தராஜாவுக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டான். துறைமுகம், ஆபீஸ், பள்ளிக்கூடம், எல்லாமே டோக்கியோ நேரம். ருக்குமணியின் அடுக்களைக் கடிகாரம் மட்டும் அசையவில்லை. “ஜப்பான்காரன் சொன்னான்னு ராகு எழுந்து ஒன்றரை மணி தள்ளி உட்காருவாரா?” என்று கேட்பாள். ராகுகாலம் பார்க்காமல் அவள் வாசல்படி தாண்டியதில்லை. அவளுடைய நாலரையும் அவனுடைய ஆறும் ஒரே நேரம்தான்.

இதில் இன்னொரு கூத்து. இதே கணக்கை வேலியோரம் நின்று கார்த்திகேசுக்கு விளக்கியவரே ஆனந்தராஜாதான். தண்ணீர்மலை முருகனுக்கு வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவன், ஒருநாள் குறும்பாகக் கேட்டான்:

“உபதேசியாரே, உங்க மாற்கு மூணாம் மணிக்குச் சிலுவையில அறைஞ்சாங்கன்றார். யோவான் ஆறு மணிக்கு விசாரணையே முடியலைன்றார். யாரு லா புளுகு?”

ஆனந்தராஜா மூன்று நாள் புத்தகங்களைக் குடைந்துவிட்டு வேலிக்கு வந்தார்.

“யாரும் புளுகல தம்பி. மாற்கு யூதர் கணக்கு. விடியறதுலேர்ந்து எண்றார், மூணாம் மணின்னா காலை ஒம்பது. யோவான் ரோமர் கணக்கு, நடு ராத்திரியிலேர்ந்து. அவரோட ஆறு, விடியக்காலை ஆறு. ஆறுக்கு விசாரணை, ஒம்பதுக்குச் சிலுவை. ரெண்டு கடிகாரம், ஒரே நாள்.”

“பலே! வக்கீலாப் போயிருக்கலாம் நீங்க” என்று சிரித்தான் கார்த்திகேசு.

இன்று அவன் சிரிக்கவில்லை. உதடு கிழிந்திருந்தது. ஆனந்தராஜாவை நேராகப் பார்த்தான்.

“ரெண்டு கடிகாரம், உபதேசியாரே. எடுத்துச் சொல்லுங்க.”

“என்ன சொல்கிறான்?” என்றார் அதிகாரி.

ஆனந்தராஜாவின் சட்டைப் பையில் அப்பா கொடுத்த கடிகாரம் துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் பழைய நேரம்தான். போன வாரம் பழைய நேரம் வைத்திருந்த ஒரு வாத்தியாரை எதிரியின் ஆள் என்று இழுத்துப் போனார்கள். திரும்பியபோது முன்பற்கள் இரண்டு இல்லை. ‘உனக்கு எப்படித் தெரியும்? பையைக் காட்டு’ என்று கேட்டால்?

“கருணை காட்டும்படி கெஞ்சுகிறான், துவான்” என்றார் ஆனந்தராஜா.

கார்த்திகேசு துறைமுகத்தில் மலாய் கேட்டுப் பழகியவன்; பேசத்தான் வராது. அவர் சொன்னது அவனுக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை. பெரிய வெள்ளி. ஆராதனை பகல் பன்னிரண்டுக்கு. ஜெபாலய வாசலில் நெற்றி நிறைய விபூதியோடு ருக்குமணி நின்றாள். பழைய நேரம் பத்தரை. ராகுகாலம் தொடங்குகிற வேளையில் வாசல்படி தாண்டி வந்திருந்தாள்!

“ஒரு மணி ஃபெரியில அனுப்புறாங்களாம் அண்ணே. நீங்க கெஞ்சியும் அந்த அதிகாரி கேக்கலையாமே. நான்தான் நேரத்தை ஏதோ மாத்திச் சொல்லிட்டேனா? என் வாயாலயே அவரை அனுப்பிட்டேனா?”

அவர் உள்ளே போனார். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவர் கையில் அதே பழைய ‘ரெண்டு கடிகாரம்’ குறிப்பு; வருஷா வருஷம் சபை வியந்து கேட்கிற பிரசங்கம்.

“மாற்கு பொய் சொல்லவில்லை. யோவானும் பொய்...”

காகிதத்தை மடித்தார். மேடையிலிருந்து இறங்கி, அத்தனை பேர் பார்க்க, கடைசி வரிசைக்கு நடந்தார்.

“நீ பொய் சொல்லல தங்கச்சி. உன் புருஷனும் சொல்லல. உன் கடிகாரம் பழைய நேரம்னு எனக்குத் தெரியும். அவன் சொல்லச் சொன்னான். நான் கெஞ்சவுமில்ல, சொல்லவுமில்ல. பயந்துட்டேன்.”

அறைவாள் என்று காத்திருந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“அப்ப இப்ப வந்து சொல்லுங்க.”

ஓடினார்கள். ஃபெரித் துறையில் வரிசை ஏறிக்கொண்டிருந்தது. பட்டியலோடு நின்ற அதே அதிகாரியிடம் ஆனந்தராஜா மூச்சிரைக்கக் கொட்டினார். பையிலிருந்த கடிகாரத்தையும் எடுத்து நீட்டினார்.

அதிகாரி அதைப் பார்த்தார், துறையின் பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை.

“செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். இப்போது பட்டியல் கையெழுத்தாகிவிட்டது.” கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். “நேரத்தை மாற்றி வை.”

பல்லை உடைத்திருந்தால்கூட ஆனந்தராஜா தாங்கியிருப்பார்.

சங்கு ஊதியது. மேல்தட்டுக் கம்பியோரம் கார்த்திகேசுவின் முகம் தெரிந்தது. மனைவியைப் பார்த்தான். பிறகு அவரை.

“உபதேசியாரே! மணி என்ன?”

துறைக் கடிகாரம் சரியாக ஒன்று காட்டியது. சுற்றிலும் சிப்பாய்கள். ஆனந்தராஜா கடிகாரத்தைத் தலைக்கு மேல் தூக்கினார்.

“பதினொன்றரை!” என்று கத்தினார். “பதினொன்றரை தம்பி!”

துப்பாக்கிக் கட்டை முதுகில் இறங்கியது. முழந்தாளில் விழுந்தார். கடிகாரம் பலகைகளில் உருண்டு தண்ணீருக்குள் போனது. நிமிர்ந்தபோது ஃபெரி எதிர்க்கரையிலிருந்த பிறை ஊர்ப் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. கம்பியோரம் நின்றவன் கேட்டானா இல்லையா என்று தெரியவில்லை.

ருக்குமணி அவரைத் தூக்கிவிடவில்லை. ஃபெரி மறையும்வரை கடலைப் பார்த்தாள். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.