இறங்க மட்டும் தெரிந்தவன்

ராமதாஸுக்குக் கயிற்றில் தொங்கினால்தான் சோறு. பினாங்கு ஜார்ஜ்டவுனில் கடலோரத்துக் கொண்டோ அடுக்குமாடிகளுக்கு வெளிச்சுவரில் பெயின்ட் அடிப்பவன். லிஃப்டில் மொட்டைமாடிக்குப் போவான், கயிற்றைக் கட்டுவான், சுவரைத் தேய்த்துக்கொண்டே இறங்குவான். கீழே வந்ததும் மறுபடி லிஃப்ட். இத்தனை வருடத்தில் அவனைக் கீழேயிருந்து மேலே ஏறச் சொன்னவர் ஒருவருமில்லை. பெயின்ட் மேலிருந்து கீழேதானே வழியும்.

இப்போது காண்டிராக்டர் ஆளை ஏற்றி இறக்கும் மின்சாரக் கூண்டு வாங்கிவிட்டார். கயிற்று ஆள் தேவையில்லை. மிச்சமிருந்தது சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலை வேலை. அங்கே சூப்பர்வைசர், அவன் மனைவியின் அண்ணன் தயாளன். கல்யாணப் பந்தியில் ஆரம்பித்த வாய்ச்சண்டை இன்னும் ஓயவில்லை. தயாளன் முன்னால் கைகட்டி நிற்பதைவிடப் பெல்ட் இல்லாமல் குதிக்கலாம் என்பது ராமதாஸின் கருத்து.

அந்த நேரத்தில்தான் ஹனாவின் கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டான். படகில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, வடக்கே யாரும் குடியில்லாத சின்னத் தீவுகளாகப் பார்த்துப் போய்ப் பாறை ஏற வைப்பது அவள் தொழில். சம்பளம் வாங்காமல், தானே காசு கொடுத்து மனிதன் உயரத்தில் தொங்குவான் என்பதை ராமதாஸால் முதலில் நம்ப முடியவில்லை.

“ரோப் பழக்கம் இருக்காண்ணே?” என்றாள் ஹனா.

“பொழப்பே அதுலதான் மிஸ்.”

“எவ்ளோ உயரம்?”

“முப்பது மாடி, நாப்பது மாடி.”

ஏறுவதா இறங்குவதா என்று அவள் கேட்கவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பயணம் கூட வரட்டும், சரியாக இருந்தால் நிரந்தர வேலை என்று முடிவானது.

அந்தப் பயணத்துக்கு வந்தது ஒரே குடும்பம். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற சிதம்பரம், அவர் மனைவி அலமேலு, கெலுகோரில் விரிவுரையாளராக இருக்கும் மகள் பிரேமா. தகப்பனுக்கு அறுபது முடிந்ததற்கு எல்லாரும் பொன்னாடை போர்த்தினார்கள். மகள் பாறையைப் பரிசாகக் கொடுத்திருந்தாள்.

முதல் தீவில் மனித அரவமே இல்லை. அந்த அமைதிக்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்றாள் ஹனா. அங்கே சின்னப் பாறை. அவளே ஏறிக் காட்டினாள். இரண்டாவது தீவில் பாறை ஏழெட்டு மாடி உயரத்துக்கு நின்றது.

“அண்ணே, இதுல நீங்க மொதல்ல ஏறி மேல ரோப் கட்டிருங்க. நான் இவங்களுக்குப் பெல்ட் மாட்டிக் கூட்டிட்டு வர்றேன்.”

ராமதாஸ் பாறையடியில் போய் நின்றான். ஒரு பிளவில் விரலை விட்டான். காலைத் தூக்கி வைத்தான். வழுக்கி மணலில் உட்கார்ந்தான். படகோட்டி ஷேக் அலாவுதீன் சிகரெட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய், மேல போக வேற வழி இருக்கா?”

“பின்னால ஒத்தையடிப் பாதை இருக்குலா. போன் லைன் மேலதான் கெடைக்கும். பொஞ்சாதிகூட சண்ட போடணும்னா நான் அதுலதான் போவேன்.”

குடும்பம் பாறையடிக்கு வந்தபோது ராமதாஸ் உச்சியில் நின்றான். “ரோப்!” என்று கத்திக் கயிற்றை வீசினான். பிறகு இறங்கினான். அது அவன் தொழில். பறவை இறங்குவதுபோல இறங்கினான். அலமேலு கைதட்டினார். பிரேமா படம் எடுத்தாள். ஹனா தலையை ஆட்டிய விதத்தில் வேலை உறுதி என்று தெரிந்தது.

அடுத்து சிதம்பரம். முழங்கால் உயரம் ஏறினார், சரிந்தார். மறுபடி ஏறினார், மறுபடி சரிந்தார். முழங்கை சிராய்த்துக்கொண்டது.

“அப்பச்சி, போதும்ப்பா,” என்று தகப்பனிடம் சொல்லிவிட்டுப் பிரேமா ஏறத் தொடங்கினாள். அவளுடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹனா அண்ணாந்து நின்றாள்.

சிதம்பரம் ராமதாஸைத் தனியே இழுத்தார். “தம்பி, உண்மையச் சொல்லுங்க. நீங்க எப்படி ஏறுனீங்க? ஒரு கீறல் இல்ல, மூச்சு வாங்கல.”

“பழக்கம் சார்.”

“சரி, அப்ப நானும் பழகுறேன். அவ இறங்கட்டும். ஏறாம வீட்டுக்குப் போறதில்ல.”

அவர் நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கியது. உதடு வெளுத்திருந்தது. ராமதாஸ் யோசித்தான். உண்மையைச் சொன்னால் வேலை போகும். ஆள் செத்தாலும் வேலை போகும். கூடவே போலீஸும் வரும்.

“சார், கொஞ்சம் மூச்சு விட்டுட்டு என்கூட வாங்க. பேசாம வாங்க.”

பாதையில் நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போனான். உச்சிக்கு வந்ததும் சிதம்பரம் கடலைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், சிரித்தார். “அடப்பாவி! இதானா உன் பழக்கம்?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்தப் பக்கமா என்னையும் இறக்கி விடுறீங்களா?”

ராமதாஸ் பிரேமாவின் கயிற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கயிறு கட்டி, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, அவரைப் பூப்போல இறக்கினான். பாதியில் அவர் “நிறுத்துங்க” என்றார். ஒரு கையை மேலே பாறையில் வைத்தார். ஒரு காலை மடக்கினார். முகத்தைத் திருப்பி, பல்லைக் கடித்தபடி கீழே பார்த்தார். அலமேலு போட்டோ எடுத்தார்.

“ஏறுறாரா இறங்குறாரான்னு போட்டோல யாருக்குத் தெரியப் போகுது? அடுத்து நான் போறேன்,” என்றார்.

ஹனாவின் முகம் இறுகிவிட்டது. ராமதாஸ் கீழே வந்ததும் கேட்டாள்: “காலையில நீங்களும் அந்த வழிதானா?”

“ஆமா மிஸ். எனக்கு ஏறத் தெரியாது.”

“கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

என்ன பேச்சு என்று அவனுக்குத் தெரியும். திரும்பும்போது படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்தான். தயாளன் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பான் என்று மனதுக்குள் கேட்டுப் பார்த்தான்.

பினாங்குக் கரை தெரிந்ததும் போன் லைன் வந்தது. போட்டோ குடும்பக் குரூப்புக்குப் போனது. கோலாலம்பூரிலிருந்து மருமகன் முறையான தேனப்பன் உடனே கூப்பிட்டான். சிதம்பரம் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“நடுவுல ஒரு எடம் மாப்ள, பிடிக்கக் கல்லே இல்ல. முடிஞ்சுது கதைன்னு நெனச்சேன். அப்புறம் மூச்சக் கட்டிக்கிட்டு ஒரே எட்டு...”

“சும்மா அளக்காதீங்க மாமா!”

“கைடு பக்கத்துலதான் இருக்காரு. கேட்டுக்க.”

போன் ராமதாஸின் முகத்துக்கு நேரே வந்தது. அவர் கண்ணில் கூச்சமே இல்லை. கரை வருவதற்குள் அவர் தன் மனதில் உண்மையிலேயே ஏறி முடித்திருந்தார். ஹனா இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க சார்,” என்றான் ராமதாஸ். “ரொம்பப் பொல்லாத எடம். ஏறத் தெரிஞ்சவங்களே அங்க வழுக்கிருவாங்க. ஐயா நின்னாரு.”

“எனக்கும் அதே பாறைதான் வேணும். ஆபீஸ்ல எல்லாரும் வருவோம். புக்கிங் யாருகிட்ட?” என்றான் தேனப்பன்.

ஹனா எழுந்து வந்து போனை வாங்கித் தேதி பேசினாள். பேசி முடித்துவிட்டு ராமதாஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“திங்கக்கெழம ஆபீஸுக்கு வந்துருங்கண்ணே.”

“மிஸ், எனக்கு ஏற...”

“ஏற நான் இருக்கேன்லா. அந்தப் பொல்லாத எடம் எங்க இருக்கு?”

“அப்படி ஒரு எடமே இல்லையே.”

“அவங்க வந்து எறங்குனதும் அதத்தான் கேப்பாங்க,” என்றாள் ஹனா. “அதுக்குள்ள ஒண்ணு பாத்து வச்சிருங்க.”