நான்காம் சுவரில் சுற்றிய கல்

நாள் முழுக்கப் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டு கத்திப் பிழைக்கிறவள் நான். என்னைக் கொண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? என் மகள் சுவர் ஏறிய போட்டியில் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

அவளை எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் நானே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். பெரிய கூடத்துக்குள் உயரமான சுவர்கள், அவற்றில் கலர் கலராகப் பிளாஸ்டிக் கற்கள். கயிறு கிடையாது, கீழே மெத்தை மட்டும்தான். இதில் தொங்குவதற்காகப் படிப்பு முடிந்தும் வேலைக்குப் போகாமல் இருந்தாள். போன மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இறுதிச் சுற்றுக்குப் போனா உன் இஷ்டம். போகலைன்னா சித்தியோட மருந்துக் கடையில போய் உக்காரு" என்றேன். அவள் மறுபேச்சு பேசாமல் சரி என்றாள். தங்கையிடமும் சொல்லிவைத்தேன். அவள் இருப்பது இங்கிருந்து ஒரு நாள் பயணம். அங்கே ஏறுவதற்கு இப்படிச் சுவரெல்லாம் கிடையாது.

தோற்றுவிட்டு வரட்டும் என்றுதான் பார்க்கப் போனேன், மறைப்பானேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய கோச், சின்ன வயதுப் பெண், எனக்கு எல்லாம் விளக்கினாள். ஏறுகிறவர்களைத் தனி அறையில் அடைத்து, ஃபோனையும் வாங்கி வைத்துவிடுவார்களாம். முன்னால் ஏறுகிறவரைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாதே! மொத்தம் நான்கு சுவர்; சுவருக்கு ஐந்து நிமிடம், ஒரு நடுவர். நடுவில் இருக்கும் கல்லைப் பிடித்தால் கொஞ்சம் புள்ளி. உச்சிக் கல்லை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்து, நடுவரும் கையைத் தூக்கினால் முழுப் புள்ளி. விழுந்தால் மறுபடி ஏறலாம், ஆனால் புள்ளி குறையும்.

மூன்று சுவர் முடிந்தது. மூன்றாவதில் அவள் விரல் நுனியில் தொங்கியதைப் பார்த்ததும் தோற்கட்டும் என்ற நினைப்பெல்லாம் எனக்குப் போய்விட்டது. ஜெயித்துத் தொலையேன்டி என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"நாலாவதுல உச்சியைப் பிடிச்சா இறுதிச் சுற்றுக்குப் போயிடுவாக்கா" என்றாள் கோச்.

நான்காம் சுவரில் பாதி ஏறியிருப்பாள். வலது கால் வைத்திருந்த மஞ்சள் கல் திருகு கழன்று அப்படியே சுற்றிவிட்டது. கால் நழுவி, இரண்டு கையில் ஊஞ்சலாடினாள். கோச் என் முழங்கையைப் பிடித்து நெரித்தாள்.

"விட்டுடு, குதிச்சிடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"ஏன் விடணும்? நல்லாத்தானே பிடிச்சிருக்கா?"

"கல் சுத்தினா அது அவங்க தப்புக்கா. உடனே இறங்கிச் சொன்னா, கல்லை முடுக்கிட்டு மறுபடி ஏற விடுவாங்க. இந்தத் தடவை கணக்குலயே வராது. ஆனா தொடர்ந்து ஏறிட்டா அப்புறம் கேக்க முடியாது."

"நான் கத்தறேன்."

"ஐயோ, வேணாம்க்கா. வெளியேருந்து சொன்னா அவளையே போட்டியிலேருந்து தூக்கிடுவாங்க."

நடுவர் நேராக அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. கூடத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், தெரிய வேண்டியவளுக்குச் சொல்ல ஆளில்லை. பல்லி காலை எக்கி வேறு கல்லில் வைத்தாள். மேலே ஏறினாள். உச்சியில் ஒரு கை பட்டது. இன்னொரு கை போய்ச் சேருவதற்குள் மெத்தையில் விழுந்தாள். மறுபடி ஏறப் பார்த்தாள், கையில் தெம்பு இல்லை. மணி அடித்துவிட்டது.

இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர். இவள் ஒன்பதாவது.

கோச் போய் முறையிட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். நான் விடுவேனா? நடுவரிடம் போய் நின்றேன்.

"பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேம்மா. அவங்களா இறங்கிக் கேக்கணும். நானா சொல்லக் கூடாது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"எல்லாருக்கும் கஷ்டமா இருக்குன்னா, யாருதான்யா இதைச் செய்யறது?" என்றேன். அந்த நடுவரும் சின்ன வயசுதான். அந்தப் பிள்ளையைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

பல்லி மூலையில் உட்கார்ந்து விரல்களில் சுற்றிய பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அந்த விதி தெரியாதாடி?"

"தெரியும்மா. கையை விடணும்னு தோணவே இல்ல."

"சரி, போகட்டும். நீ சித்தி வீட்டுக்கெல்லாம் போக வேணாம். அன்னைக்கு என்னவோ சொன்னேன், இப்ப வேணாங்கறேன்."

"போட்டியில விதி எனக்காக மாறலைம்மா. நீ மட்டும் ஏன் மாத்தற? நான் தோத்துட்டேன்."

"கல்லு சுத்தினதுக்கு நீ என்னடி பண்ணுவ?"

"இறங்கியிருக்கலாம்." அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப் பிடித்துச் சமாதானம் செய்திருப்பேன். "ஃபோனைத் திருப்பிக் கொடுத்ததுமே சித்திகிட்டப் பேசிட்டேன். திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன். நீயும் பேசு."

சித்தியைக் கூப்பிட்டு, ஃபோனை என் கையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள். நான் அதைக் காதில் வைத்தேன்.

"அக்கா, மாடி ரூமைக் கழுவி விட்டுட்டேன்" என்றாள் தங்கை, அவ்வளவு சந்தோஷமாக. "ஒருவழியா நீ நினைச்சபடியே நடந்துடுச்சு, இல்ல?"

"ஆமா" என்றேன்.