தாடையில் விழுந்த வான்கோழி

ரசமட்டத்தின் தாடையை உடைத்தது ஒரு வான்கோழி. உயிருள்ள கோழியல்ல, இறகு பறித்து, தலை எடுத்து, ஃப்ரீசரில் கல்லாக இறுகிக் கிடந்த கோழி. செத்த பறவை ஆளை அடித்துவிட்டது என்று வெளியில் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. அதில்தான் வினை தொடங்கியது.

ரசமட்டம் டைல்ஸ் பதிக்கிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார், பிறகுதான் வீட்டுக்காரர்களைப் பார்ப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில், தரை சமமா என்று பார்க்கும் ஒரு குட்டி ரசமட்டம் இருக்கும். ஓட்டலில் தண்ணீர் டம்ளர் சாய்ந்து தெரிந்தால் மேசைமேல் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அவளுடைய அண்ணன் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் மேற்பார்வையாளர். குளிர்க் கிடங்கின் இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தியே பழகிய குரல். காதோடு ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் ஒரு பெரிய வான்கோழியோடு தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார். சமையலறையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் உள்ளே விடாமல், அவரே அதை ஓவனில் வைத்துச் சுடுவார். வெளியே வரும்போது அது பிளைவுட்டாக இருக்கும்.

ரசமட்டத்துக்கு நண்டுதான் உயிர். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸிலேயே வாய்விட்டுக் கேட்டார்.

"இந்த வருஷம் நண்டு வாங்கலாமா மச்சான்?"

"கிறிஸ்துமஸுக்கு யாராவது பூச்சியத் திம்பாங்களா மாப்ள? வான்கோழிதான் முறை."

"என்ன முறை? மாட்டுத் தொழுவத்துல பொறந்தாரு. அதுக்காக மாட்டச் சாப்பிடணும்னா ஒரு நியாயம் இருக்கு. வான்கோழிக்கு அங்க என்ன வேலை?"

மச்சான் சிரித்தார். வான்கோழிதான் வந்தது. அதற்கடுத்த வருஷங்களிலும் கேட்டார், வான்கோழியே வந்தது.

இந்த முறை மச்சான் முன்கூட்டியே பறவையைக் கொண்டுவந்து ஃப்ரீசரின் மேல்தட்டில் திணித்துவிட்டுப் போனார். ரசமட்டம் ஒரு திட்டம் போட்டார். மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் அதை எடுத்து, தான் வேலை பார்க்கும் கட்டடத்து வாட்ச்மேனிடம் தள்ளிவிடவேண்டியது. ஃப்ரிட்ஜ் பழுதாகிக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடவேண்டியது. திட்டத்தில் குறை இல்லை. ஆனால் கோழி பனியோடு பனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார், வரவில்லை. ஒரு காலை ஃப்ரிட்ஜின் கீழ்க் கதவில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். வந்தது. நேராகத் தாடைக்கு வந்தது.

மனைவி வீடு திரும்பியபோது அவர் சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வான்கோழி, கைக்குழந்தையைப் போல. ஃப்ரீசர் கதவு திறந்தே கிடந்தது.

"என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

அவர் கோழியைக் காட்டினார், தாடையைக் காட்டினார், பிறகு அழுதுவிட்டார். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோழியைத் துடைத்துப் பழையபடி உள்ளே வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே டாக்டர், "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்ட நேரத்தில், தகவல் கேட்டு ஓடிவந்த அண்ணன் கட்டிலருகில் நின்றுகொண்டிருந்தார். அவள் கண்ணை மூடித் திறப்பதற்குள் சொன்னாள்:

"பாத்ரூம்ல வழுக்கிட்டாரு டாக்டர்."

மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டினார்கள். இனி கொஞ்ச காலத்துக்கு எல்லாமே உறிஞ்சுகுழலில்தான்.

அந்தப் பொய்க்குக் கால் முளைத்தது. அது அவருடைய பாத்ரூம். அவரே தன் கையால் பதித்த டைல்ஸ். மச்சானின் குரலில் செய்தி போனதால் எங்கும் போய்ச் சேர்ந்தது. 'ரசமட்டம் தான் போட்ட தரையிலயே வழுக்கி விழுந்துட்டாராம்!' பெரிய வீடு ஒன்றின் வேலை தைமாதமோ மாசியோ என்று இழுத்துக்கொண்டிருந்தவர், வேண்டாமென்றே சொல்லிவிட்டார். மருந்துக் கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "பாத்துப் போங்க, எங்க கடைத் தரையும் டைல்ஸ்தான்" என்றார். ரசமட்டத்துக்குத் தாடையைவிட இதுதான் வலித்தது. ஆளில்லாத நேரம் பார்த்து பாத்ரூமுக்குள் போய், தரையில் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு நடந்து பார்த்தார். துளியும் வழுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் இல்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. மேசையைச் சுற்றி நான்கு பேர்: ரசமட்டம், மனைவி, மச்சான், மாமியார். நடுவில் வான்கோழி, குற்றவாளி என்ற கூச்சமே இல்லாமல் காலைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தது. ரசமட்டத்தின் முன்னால் ஒரு கிளாஸ் கஞ்சி.

மச்சான் கறியை அறுத்தபடியே ஆரம்பித்தார். "மாப்ள, மனசுல வச்சுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர் இருக்காரு. பாத்ரூம் தரைய முழுசா பேத்துட்டு, வழுக்காத மாதிரி வேற போட்டுக் குடுத்துடுவாரு. செலவு என்னோடது. கிறிஸ்துமஸ் பரிசுன்னு வச்சுக்கங்க."

ரசமட்டம் எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. கம்பிக்குள்ளிருந்து ஏதோ சீறியது.

"ஆங்கோஹி!"

"என்னது?"

"ஆங்கோஹி அஹிச்சுது!"

"மாங்கொழுந்தா? பசிக்குதா மாப்ள?"

அவர் கோழியை விரலால் குத்தினார். அப்புறம் தன் தாடையில் ஒரு குத்து குத்தி, வலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வான்கோழி அடிச்சுதுன்னு சொல்றாரு அண்ணே. நீ கொண்டுவந்ததுதான். உனக்குத் தெரியாம எங்கயாவது தள்ளிவிடலாம்னு இழுத்தாரு, அது மூஞ்சியிலயே வந்து விழுந்துடுச்சு. பாத்ரூம்லாம் நான் சொன்ன பொய்."

முதலில் சிரித்தது மாமியார்தான். சிரித்த வேகத்தில் பல்செட் கழன்று தட்டில் விழுந்தது. மச்சான் யாரையும் பார்க்கவில்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"வருஷா வருஷம் சொல்லத்தான் செஞ்சாரு. நீ சிரிச்சுக்கிட்டே ஓவனப் பத்த வச்சுடுவ" என்றாள் தங்கை.

"அம்மா, உங்களுக்காவது பிடிக்கும்ல?"

மாமியார் பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "எங்கடா முழுங்கினேன்? நீ அந்தப் பக்கம் திரும்பினதும் பைல போட்டுக்குவேன். எதிர்வீட்டு நாய்க்கு."

"நாய்க்குப் பிடிச்சுதா?"

"மோந்து பாத்துட்டுப் போயிடும்."

மச்சான் எழுந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். மனைவி கணவரை முறைத்தாள். மாமியார் மகளை முறைத்தாள். ரசமட்டம் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமலே ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமே என்று இருந்தது அவருக்கு.

கார் திரும்பி வந்தது. மச்சான் மார்போடு அணைத்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். பெட்டி முழுக்க நண்டு, பனி பூத்த நண்டு.

"கிடங்குல மலையாக் குவிஞ்சு கிடக்கு" என்றார். "வருஷா வருஷம் இதத் தாண்டித்தான் போய் அந்தக் கோழிய எடுத்துட்டு வருவேன்."

ரசமட்டம் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு நண்டைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்திலா, இத்தனை வருஷம் போனதே என்ற எரிச்சலிலா என்று மனைவிக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

மாமியார் பாதி நண்டைச் சாறாக இறக்கினாள். மீதியை முழுசாக வேகவைத்தாள். அது வேகும்வரை மச்சான் சும்மா இருக்கவில்லை. வேலை வேண்டாமென்ற பெரிய வீட்டுக்காரருக்கு போன் போட்டார். "தரை மேல தப்பே இல்ல சார். வான்கோழி அடிச்சுது! ஆமா, அடிச்சுதுன்னுதான் சொல்றேன். செத்துதான் இருந்துச்சு!" எதிர்முனையில் அந்த மனிதர் சிரித்த சிரிப்பு அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. சிரித்து முடித்ததும் எப்போது வேலையை ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். மச்சான் போனை வைத்துவிட்டு இன்னும் நாலு பேருக்குப் போட்டார்.

"உனக்கு எத்தன நண்டு வைக்கட்டும்?" என்று மாமியார் மகளைக் கேட்டாள்.

"எனக்கு நண்டும் வேணாம், கோழியும் வேணாம். ரெண்டு முட்ட போதும்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றார் அண்ணன்.

"யாராவது கேட்டீங்களா?" என்றபடி அவள் வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

மச்சான் நண்டின் காலைக் கோழிக்காலைப் போலக் கடித்து, ஐயோ என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ரசமட்டம் தன் கருவிப் பையிலிருந்து டைல்ஸ் தட்டும் ரப்பர் சுத்தியலை எடுத்துவந்து, எங்கே தட்டவேண்டும், எவ்வளவு மெதுவாகத் தட்டவேண்டும் என்று கையாலேயே காட்டினார். ஓடு விலகி வெள்ளைச் சதை முழுசாக வெளியே வந்தது. மச்சான் அதை வாயில் போட்டார். மென்றார். அப்புறம் சுத்தியலை வாங்கி அடுத்த நண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ரசமட்டம் உறிஞ்சுகுழலை நண்டுச் சாற்றில் விட்டு, கண்ணை மூடி, ஒரே இழுப்பில் பாதிக் கிளாஸைக் காலி செய்தார்.

"எப்படி இருக்கு மாப்ள?" என்றார் மச்சான், வாய் நிறைய நண்டோடு.

கம்பிக்குள்ளிருந்து பதில் வந்தது. இந்த முறை எல்லோருக்கும் புரிந்தது.

"உப்பு கம்மி."